புதிதாகக் கைத்துப்பாக்கி பழகுபவர் எந்தத் தோட்டாவில் தொடங்க வேண்டும்?

மயூர் விஹார் வாசி:

தில்லித் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து எனக்குப் பிஸ்டல் சுடும் விளையாட்டின் மேல் தீராத ஆசை. வயது நாற்பதை நெருங்குகிறது, பதக்கக் கனவெல்லாம் இல்லை. ஒழுங்காகக் கற்றுக்கொண்டு மாநில அளவுப் போட்டி ஒன்றிலாவது நின்று சுட வேண்டும், அவ்வளவுதான்.

துக்ளகாபாதில் உள்ள கர்ணி சிங் சுடுதளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வந்ததிலிருந்து குழப்பம் கூடிவிட்டது. இணையத்தில் அமெரிக்கர்கள் பேசும் காணொளிகள் எல்லாவற்றிலும் "முதல் துப்பாக்கி 9 மி.மீ." என்கிறார்கள். அலுவலகத்தில் ஒருவர் .32 (அங்குலக் கணக்கில் குண்டின் தடிமன்) வாங்கச் சொல்கிறார். தளத்தில் பார்த்தவர்களோ .22 தோட்டாவை வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். சிலர் காற்றுத் துப்பாக்கியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்குக் கை சற்றுச் சிறியது. எந்தத் தோட்டாவை மனத்தில் வைத்து ஆரம்பிக்கலாம்? காரணத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

கரோல் பாக்:

.32 தான். யோசிக்கவே வேண்டாம். காற்றுத் துப்பாக்கி பள்ளிப் பிள்ளைகளுக்கு. .22 சின்னத் தோட்டா, காகிதத்தில் துளை போடத்தான் ஆகும். எங்கள் குடும்பத்தில் தஞ்சாவூரில் பெரியப்பா வைத்திருந்தது .32 ரிவால்வர், இரண்டு தலைமுறையாக ஒரு பழுதும் இல்லை. கடினமான ஆயுதத்தில் பழகினால் லேசானது தானே வந்துவிடும்.

ஜனக்புரி வழக்குரைஞர்:

விவாதம் நீளும் முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

அந்தக் காணொளிகளை மறந்துவிடுங்கள். 9 மி.மீ. பாரபெல்லம் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட வகையில் வருகிறது. படையும் காவல்துறையும் பயன்படுத்தும் தோட்டா அது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் அந்த வகை ஆயுதத்தை வைத்திருப்பதையே தடுக்கிறது. சாதாரணக் குடிமகனின் உரிமத்தில் அது வராது. ஆகவே உங்கள் தேர்வு காற்றுப் பிஸ்டல், .22, .32 என்ற மூன்றுக்குள்தான்.

காற்றுப் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகள் உண்டு. குழலின் விட்டம் .177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. குண்டின் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வகுத்த எல்லை இது. போட்டிக்கான காற்றுப் பிஸ்டல்கள் இதற்கு மிகவும் கீழே இருக்கின்றன. .22, .32 இரண்டுக்கும் உரிமம் கட்டாயம். தில்லியில் அதைத் தருவது தில்லிக் காவல்துறையின் உரிமப் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று இருந்தது. உரிமத்தின் காலமும் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்ந்தது. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விதிகள், தனித் தோட்டா ஒதுக்கீடு உண்டு. அது துப்பாக்கி சுடும் சங்கத்தில் சேர்ந்து, போட்டியில் மதிப்பெண் காட்டிய பிறகு வரும் கட்டம்.

பத்து மீட்டர்:

நான் பல ஆண்டுகளாகப் பிஸ்டல் பயிற்சி தருகிறேன். கேட்டவருக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: .177இல், அதாவது காற்றுப் பிஸ்டலில், தொடங்குங்கள், கை அடங்கிய பிறகு .22க்கு வாருங்கள், .32ஐ அதற்கு அப்பால் வையுங்கள். கரோல் பாக் தம்பி "கடினமானதில் பழகினால் லேசானது தானே வரும்" என்கிறார். பிஸ்டலில் அது தலைகீழ். ஏன் என்று எண்களோடு விளக்குகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

துப்பாக்கி பின்னால் உதைப்பதை முக்கியமாக முடிவு செய்வது குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வரும் அளவு. .22 லாங் ரைஃபிள் தோட்டாவின் குண்டு சுமார் 2.6 கிராம், போட்டிக்கான வகை நொடிக்கு 300 மீட்டரை ஒட்டிப் போகும். .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் போட்டித் தோட்டாவில் குண்டு 6.4 கிராம், வேகம் நொடிக்கு 220 மீட்டர் அளவில். 9 மி.மீ.யில் குண்டு 8 கிராம், வேகம் 350 மீட்டர். பெருக்கிப் பாருங்கள். .22ஐப் போல .32 கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உதைக்கும், 9 மி.மீ. மூன்றரை மடங்கு. காற்றுப் பிஸ்டலின் சிறு குண்டான பெல்லட் அரை கிராம், வேகம் 160 மீட்டரை ஒட்டி. அதில் உதைப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

இந்த உதைப்பினால் உங்கள் கைக்கு வலி வருவதில்லை. ஆரோக்கியமான யாரும் .32ஐத் தாங்கிவிடலாம். கெடுவது உங்கள் விரலும் மணிக்கட்டும்தான். சத்தமும் உதைப்பும் வரப்போகின்றன என்று மூளை தெரிந்துகொண்ட மறுநிமிடம், விசை உடைவதற்கு, அதாவது டிரிக்கர் விடுபட்டுத் தோட்டா வெடிப்பதற்கு, சற்று முன்பே கை தன்னிச்சையாகக் கீழே அழுத்தும். அது உங்களுக்குத் தெரியாது. துப்பாக்கி வெடித்து மேலே எழும்போது அந்தப் பதற்றம் அதற்குள் மறைந்துவிடும். இலக்கு அட்டையில் மட்டும் குண்டு ஏழு மணித் திசையில், கீழே இடப்புறமாக, விழுந்துகொண்டே இருக்கும். (வலக்கைக்காரருக்கு. இடக்கைக்காரருக்கு ஐந்து மணி.)

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. தோட்டா அடுக்கும் மேகசினில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை, சுடுபவருக்குத் தெரியாமல் நான் வைத்துக் கொடுப்பேன். அவர் வழக்கம்போலக் குறி வைத்து விசையை இழுப்பார். சத்தம் வராது. 'டக்' என்று ஊசி அடிக்கும் ஒலி மட்டும். அந்த நொடியில் குழலின் முனை இரண்டு விரற்கடை கீழே குனிவதை அவரே பார்ப்பார். பெரிய தோட்டாவில் தொடங்கியவர்களிடம் இது எப்போதும் கூடுதல். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது மிகவும் சிரமம். சிலருக்கு மாதக்கணக்கில் தோட்டாவையே தொட விடாமல் வைத்திருந்து மாற்ற வேண்டியிருக்கிறது.

காற்றுப் பிஸ்டலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்று ஒதுக்குவது நியாயமில்லை, தம்பி. பத்து மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. இருபத்தைந்து மீட்டர் துல்லியச் சுடுதலில் அதே பத்தின் விட்டம் 50 மி.மீ. தூரம் இரண்டரை மடங்கு கூடினாலும் வட்டம் நான்கு மடங்குக்கு மேல் பெரிதாகிறது. அதாவது கோணக் கணக்கில் காற்றுப் பிஸ்டல்தான் கடினமான தேர்வு. பெல்லட் குழலுக்குள் மெதுவாகப் போவதால், சுட்ட பிறகும் கை அசையாமல் நிற்கக் கற்றுத் தருவதும் அதுதான்.

முனிர்கா மாணவி:

அக்கா சொல்வது முற்றிலும் உண்மை. நான் பல்கலைக்கழக அணியில் 25 மீட்டர் பிஸ்டல் சுடுகிறேன். காற்றுப் பிஸ்டலிலிருந்து .22க்கு வந்தபோது எனக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை, சத்தத்தைத் தவிர.

கேட்டவருக்கு .22 பற்றித் தெரிய வேண்டியது சில. இது ரிம்ஃபயர் வகை. தீப்பிடிக்கும் மருந்து தோட்டாக் கூட்டின் அடியிலுள்ள விளிம்புக்குள் சுற்றிலும் பூசப்பட்டிருக்கும். சுட்ட கூட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், ஊசி அடித்த தடம் நடுவில் இருக்காது, ஓரத்தில் நகம் பதிந்ததுபோல் ஒரு பள்ளம் இருக்கும். அந்த மருந்து விளிம்பு முழுவதும் ஒரே சீராகப் பரவாமல் போனால் அடித்தும் வெடிக்காது. அதனால்தான் .22இல் வெடிக்காத தோட்டா மற்றவற்றைவிடச் சற்று அதிகம். அப்படி ஆனால் துப்பாக்கியை இலக்கின் பக்கமே நீட்டியபடி வைத்துக்கொண்டு, விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, மற்றக் கையை உயர்த்தித் தள அதிகாரியைக் கூப்பிட வேண்டும். உடனே திறந்து பார்க்கக் கூடாது, தாமதமாக வெடிக்கும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. ஒரே பெயர் எழுதிய இரண்டு பெட்டிகள் உங்கள் குழலில் ஒரே மாதிரி சுடாது. ஈலி, லாபுவா, ஆர்.டபிள்யூ.எஸ். என்று எந்த நிறுவனத் தோட்டாவை எடுத்தாலும் பெட்டியில் ஒரு தொகுப்பு எண் இருக்கும். எந்தத் தொகுப்பு உங்கள் பிஸ்டலில் தடையில்லாமல் ஏறி இறங்குகிறது என்று சோதித்து, பிடித்ததை மொத்தமாக வாங்கி வைப்பதுதான் நாங்கள் செய்வது. ஆரம்ப நிலையில் இதற்கெல்லாம் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண வேகத் தோட்டா போதும். "ஹை வெலாசிட்டி" என்று எழுதிய பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள். போட்டிப் பிஸ்டலின் ஸ்பிரிங் அதற்காக அமைத்ததல்ல.

கரோல் பாக்:

வெடிக்காத தோட்டா அதிகம் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். நடுவில் ஊசி அடிக்கும் சென்டர்ஃபயர் தோட்டா நம்பகமானது. ஜஸ்பால் ராணா 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது எதில்? சென்டர்ஃபயர் பிஸ்டலில். 2006 தோஹாவில் 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்ததும் அதில்தான். .22 விளையாட்டுப் பொருள் என்றால் கோபம் வருகிறது, ஆனால் இந்தியாவின் பெரிய வெற்றிகள் .32இல் வந்திருக்கின்றனவே.

பத்து மீட்டர்:

தம்பி, நல்ல எடுத்துக்காட்டைச் சொன்னீர்கள், அதில் பாதி உங்கள் பக்கம் நிற்கிறது, ஒப்புக்கொள்கிறேன். சென்டர்ஃபயர் பிஸ்டல் அருமையான போட்டி. முப்பது தோட்டா துல்லியமாக, ஐந்து தோட்டாவுக்கு ஐந்து நிமிடம் என்று. அடுத்த முப்பது வேகமாக, இலக்கு மூன்று நொடி முகம் காட்டும், ஏழு நொடி மறையும். கையை 45 பாகை கீழே வைத்திருந்து, இலக்கு திரும்பியதும் தூக்கி ஒரே ஒரு தோட்டா. விதிப்படி தோட்டா 7.62 முதல் 9.65 மி.மீ. வரை இருக்கலாம். உலகெங்கும் நல்ல சுடுநர்கள் பெரும்பாலும் எடுப்பது .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்.

ஏன் அது? 9 மி.மீ.க்கும் விதி இடம் கொடுத்தும் இவர்கள் சிறியதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். 1896இல் ரிவால்வருக்காகப் பிறந்த தோட்டா அது. அதில் 'வாட்கட்டர்' குண்டை வைக்கும்போது, குண்டு கூட்டின் வாயோடு மட்டமாக உள்ளே அமர்ந்துவிடும். மேலிருந்து பார்த்தால் தட்டையான ஈய வட்டம் மட்டும் தெரியும். மூக்கே கிடையாது. காகிதத்தில் அது ஓரம் கிழியாமல் துளைக்கருவியால் வெட்டிய வட்டம் போடும், கோட்டைத் தொட்டதா இல்லையா என்று தகராறு வராது. மருந்தும் குறைவாகவே இருக்கும். ராணா வென்றது பெரிய தோட்டாவால் அல்ல, உதைப்பு குறைந்த, துல்லியம் மிகுந்த தோட்டாவால். அதற்கு முன் அவரைப் போன்றவர்கள் .22இல் போட்ட உழைப்பு எவ்வளவு என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

.22 விளையாட்டுப் பொருள் என்றால், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் ரேபிட் ஃபயர் பிஸ்டல் போட்டியில் வாங்கிய வெள்ளி .22இல் வந்தது. 2018 ஆசிய விளையாட்டில் ராஹி சர்னோபத் வாங்கிய தங்கம் .22இல். ஒலிம்பிக்கில் இன்று வெடிமருந்துப் பிஸ்டல் என்றாலே .22 மட்டும்தான்.

மயூர் விஹார் வாசி:

பெரிய தெளிவு கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். ".32 எஸ் அண்ட் டபிள்யூ லாங்" என்று முழுப் பெயரைச் சொல்கிறீர்கள். நான் விசாரித்த இடங்களில் எல்லோரும் வெறும் ".32" என்றுதான் சொன்னார்கள். ஒரே தோட்டாதானே?

பத்து மீட்டர்:

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நம் ஊரில் ".32" என்ற ஒரே எண்ணில் இரண்டு வேறு தோட்டாக்களை அழைக்கிறார்கள்.

ஒன்று .32 ஏ.சி.பி. ஜான் பிரௌனிங் 1899இல் தன்னியக்கப் பிஸ்டலுக்காக வடிவமைத்தது. கூட்டின் நீளம் 17 மி.மீ. 7.65 என்றும் அதைக் குறிப்பார்கள். இஷாப்பூர் துப்பாக்கி ஆலையின் 'அஷானி' பிஸ்டல் இதைச் சுடும். மற்றொன்று .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங். கூட்டின் நீளம் 23 மி.மீ. கான்பூரில் செய்யும் .32 ரிவால்வர் இதைச் சுடும், போட்டிப் பிஸ்டலும் இதைத்தான்.

இரண்டையும் மேசையில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். நீளக் கூட்டின் அடியில் விளிம்பு தெளிவாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், நகத்தை ஓட்டினால் தட்டும். ஏ.சி.பி.யில் அந்த விளிம்பு மிக லேசாகத்தான் வெளியே வரும், அதற்கு மேலே கூட்டைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். அடிப்பாகத்தில் வட்டமாகப் பொறித்த எழுத்தையும் படியுங்கள். ஒன்றின் இடத்தில் மற்றதைப் போடக் கூடாது. ரிவால்வரின் உருளைக்குள் குட்டைத் தோட்டா நுழைந்துவிடுகிறது என்பதற்காகச் சுட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கி அதற்காகச் செய்யப்பட்டதல்ல. நுழைந்தால் பொருந்தும் என்று அர்த்தமில்லை. தோட்டா வாங்கும்போது முழுப் பெயரைச் சொல்லுங்கள், முழுப் பெயரை எழுதி வாங்குங்கள்.

மேலும், ஓர் எச்சரிக்கை: பழைய தோட்டாவில் சில சமயம் மருந்து செத்திருக்கும். சத்தம் வழக்கமாக இல்லாமல் மெலிந்து 'புஸ்' என்று வந்தால் அடுத்த விசையைத் தொடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யும்.

கரோல் பாக்:

இது எனக்கும் புதிய செய்தி, அக்கா. பெரியப்பாவின் ரிவால்வரோடு ஒரு தகரப் பெட்டியில் தோட்டாக்கள் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர் காலமாகி ஓராண்டு ஆகப் போகிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எடுத்து வந்து, இங்கே தளத்தில் உங்களிடம் காட்டலாம் என்று நினைக்கிறேன்.

ஜனக்புரி வழக்குரைஞர்:

தம்பி, தயவுசெய்து எடுத்து வராதீர்கள். ஒரு தோட்டாவைக்கூட.

உரிமம் பெரியப்பாவின் பெயரில் இருந்தது. அவர் மறைந்ததும் அந்த ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்கும் உரிமை யாருக்கும் தானாக வந்துவிடாது. ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, காலதாமதம் இல்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கி வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். தோட்டாக்களையும் சேர்த்துத்தான். பிறகு வாரிசு உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் திரும்பப் பெறலாம். பெரியம்மாவிடம் இன்றே பேசுங்கள். அங்கே இருப்பவர்கள் தஞ்சாவூரிலேயே இதைச் செய்துவிடட்டும்.

தில்லியில் இந்த விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மெட்ரோ நுழைவாயிலிலும் விமான நிலையத்திலும் பை எக்ஸ்ரேயில் போகிறது. பையின் அடியில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக 25ஆம் பிரிவில் வழக்குப் பதிவாகிறது. தெரிந்தே வைத்திருக்கவில்லை என்று நிறுவினால் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்த தீர்ப்புகள் பல உண்டு. ஆனால் அதுவரை தவறவிட்ட விமானம், காவல் நிலையம், வக்கீல் கட்டணம், கடவுச்சீட்டுச் சிக்கல் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். தளத்துக்குப் போகும் பையை வேறு எதற்கும் எடுக்காதீர்கள். சுடும் பயிற்சிக்கு என்று தனிப்பை, வீடு திரும்பியதும் அதைக் கவிழ்த்துப் பார்ப்பது என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சுட்ட வெற்றுக் கூட்டை நினைவுப் பொருளாக மகனுக்குக் கொண்டுவருவதும் வேண்டாம்.

துவாரகா தந்தை:

நான் விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. வீட்டுப் பாதுகாப்புக்கு ஒன்று வாங்கலாம் என்று யோசிக்கிறேன். மனைவியும் பயன்படுத்தும்படி லேசாக இருக்க வேண்டும். 2014இல் பெண்களுக்கென்று கான்பூர் ஆலை கொண்டுவந்த 'நிர்பீக்' அரைக் கிலோதான் என்கிறார்கள். அதில் .32 தோட்டா சரியாக இருக்குமா? .22 போதாதா?

பத்து மீட்டர்:

ஐயா, உங்கள் கவலையை மதிக்கிறேன். ஆனாலும் உங்கள் கேள்விக்கு என்னால் தோட்டாவின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது.

முதலில் எடை. லேசான துப்பாக்கி கையாள எளிது என்பது கைப்பையில் இருக்கும் வரைக்கும்தான் உண்மை. சுடும்போது அதே தோட்டா அரைக் கிலோ ரிவால்வரில் உதைப்பதும், ஒரு கிலோவுக்கு மேலுள்ள போட்டிப் பிஸ்டலில் உதைப்பதும் ஒன்றல்ல. எடை குறையக் குறைய உதைப்பு கூடும். குட்டைக் குழலில் சத்தமும் கடுமை. ரிவால்வரின் விசை வேறு கனமாக இருக்கும். போட்டியில் 25 மீட்டர் பிஸ்டலின் விசை குறைந்தது ஒரு கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்பது விதி. விசையை இழுக்கும் விரலாலேயே சுத்தியலையும் பின்னிழுத்துச் சுடும் ரிவால்வரில் அதைப்போலப் பல மடங்கு இழுக்க வேண்டும். பழகாத கையில் குண்டு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. அடுக்கு மாடிக் குடியிருப்பில், சுவருக்கு அப்பால் ஒரு குடும்பம் தூங்குகிறது.

இரண்டாவது, வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் துப்பாக்கி பூட்டிய பெட்டியிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருந்தாக வேண்டும். அப்படி வைத்த பிறகு நள்ளிரவில் ஆபத்துக்கு அது எவ்வளவு உதவும் என்பதையும் நீங்களே யோசியுங்கள். வாங்குவதற்கு முன் நீங்களும் உங்கள் மனைவியும் தளத்தில் ஒரு பருவம் முழுக்கப் பயிற்சி எடுங்கள். அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் அப்போது பேசுவோம். என் அனுபவத்தில் பெரும்பாலானோர் நல்ல கதவு, நல்ல பூட்டு, அக்கம்பக்கத்தாரின் தொலைபேசி எண் என்று முடிவெடுக்கிறார்கள். அதைக் கோழைத்தனம் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை.

முனிர்கா மாணவி:

கேட்டவர் கை சிறியது என்றாரே, அதை யாரும் தொடவில்லை. போட்டிப் பிஸ்டலில் மரப்பிடி வெவ்வேறு அளவில் வரும், உள்ளங்கை தாங்கும் தட்டை ஏற்றி இறக்கலாம். முக்கியமானது விரல் நுனியின் நடுப்பகுதி விசையின் மேல் நேராக, பக்கவாட்டில் தள்ளாமல் அமர்வது. எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தால் அந்தப் பிடி உங்களுடையது அல்ல. வாங்குவதற்கு முன் சங்கத்தின் பிஸ்டல்களைக் கையில் வாங்கிப் பாருங்கள். உரிமம் இல்லாவிட்டாலும், உறுப்பினராக, கண்காணிப்பில், தளத்துக்குள்ளேயே சங்கத்தின் .22இல் பழக வழி இருக்கிறது. முதல் நாளே லட்சக்கணக்கில் போட்டு இறக்குமதிப் பிஸ்டல் வாங்க எந்த அவசரமும் இல்லை.

மயூர் விஹார் வாசி:

நல்லது தங்கச்சி. காற்றுப் பிஸ்டல் வகுப்பில் பெயர் பதிந்துவிட்டேன். அக்கா, .22க்குப் போகலாம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? அதிலிருந்து .32க்கு? துப்பாக்கியை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டுமா?

பத்து மீட்டர்:

புள்ளிக் கணக்கை மட்டும் வைத்து நான் அனுப்புவதில்லை. சுட்ட மறுகணம், அட்டையைப் பார்க்கும் முன்பே, குண்டு எங்கே விழுந்திருக்கும் என்று சொல்லச் சொல்வேன். "பத்துக்குச் சற்று வலது" என்று நீங்கள் சொல்லி, அது அங்கேயே இருந்தால், விசை உடையும்போது உங்கள் கண் முன்குறியின் மேல் இருந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் சரியாகச் சொல்லத் தொடங்கிவிட்டால் .22 தொடலாம்.

.22இல் முதல் சில வாரம் துல்லியச் சுடுதல் மட்டும். பிறகு ஸ்டாண்டர்டு பிஸ்டல்: ஐந்து தோட்டாவை 150 நொடியில், அடுத்து 20 நொடியில், கடைசியில் 10 நொடியில். அந்தப் பத்து நொடியில் ஐந்தும் அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள் விழும்போது போலித் தோட்டாவைச் செருகிக் கொடுப்பேன். குழல் குனியாமல் நின்றால் .32 பேசலாம். வால்தர் ஜி.எஸ்.பி. போன்ற சிலவற்றில் உடல், பிடி, விசை எல்லாம் அப்படியே இருக்க, மேல்பகுதியை மட்டும் மாற்றி .22, .32 இரண்டையும் சுடலாம். கைக்குப் பழகிய பிடி மாறாது. ஆனால் அந்தப் பகுதிக்கும் உரிமத்தில் இடம் வேண்டும், வழக்குரைஞர் சாரைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

வீட்டில் தோட்டா இல்லாமல் விசைப் பயிற்சி செய்யுங்கள், வெள்ளைச் சுவரைப் பார்த்து, நாள்தோறும். காற்றுப் பிஸ்டலில் அதற்கென்றே வசதி உண்டு. .22 பிஸ்டலில் அந்த வசதி இருக்கிறதா என்று கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். தோட்டா இல்லாத குழலறையில் ஊசி குழலின் விளிம்பில் போய் அடித்தால் இரண்டும் கெடும்.

.22 சின்னது என்று காதுக் கவசம் இல்லாமல் நிற்காதீர்கள், அந்தச் சத்தம் போதும் செவியைக் கெடுக்க. கண்ணாடியும் வேண்டும். பெல்லட்டும் .22 குண்டும் ஈயம். தளத்தை விட்டுக் கிளம்பும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அதற்கு முன் தேநீரையோ வடையையோ தொட வேண்டாம். வயலட் தடத்தில் வந்து ஆட்டோ பிடிப்பதாக இருந்தால் காலையிலேயே வாருங்கள், மாலையில் அந்தச் சாலை நகராது. முதல் வகுப்புக்குத் தட்டையான அடி உள்ள காலணி போதும், மற்றதெல்லாம் நாங்கள் தருவோம்.

கரோல் பாக்:

பெரியம்மாவிடம் பேசிவிட்டேன். அண்ணன் இன்று மாலை ரிவால்வரையும் தகரப் பெட்டியையும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டான். ஆய்வாளர் தோட்டாக்களை எண்ணி, அடியில் பொறித்திருந்ததைப் படித்து, முழுப் பெயரோடு ரசீதில் எழுதினாராம். அக்கா, அந்தக் காற்றுப் பிஸ்டல் வகுப்பில் இன்னொருவருக்கு இடம் இருக்கிறதா?

பத்து மீட்டர்:

இருக்கிறது, தம்பி. அடையாள அட்டையோடு ஞாயிறு காலை வாருங்கள்.